பழைய போர்டிலிருந்து பாகம் கழற்றும்போது வரும் சிக்கல்கள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

பழைய டிவி, பிரின்டர், டிவிடி பிளேயர், கம்ப்யூட்டர் பவர் சப்ளை என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் பிரித்துப் பாகம் சேர்ப்பவர்களுக்கு வரும் தொல்லைகள் பெரும்பாலும் மூன்று வகைதான். பாகம் சர்க்யூட் போர்டை விட்டு வராது. வந்தாலும் சூட்டில் செத்திருக்கும். உயிரோடு வந்தாலும், மீட்டர் எதையோ காட்டி நம்மைக் குழப்பும்.

இதில் முக்கால்வாசிச் சிக்கல் எங்கிருந்து வருகிறது என்றால், பழுது பார்க்கிறவர்களிடமிருந்து சோல்டரிங்கை, அதாவது பற்றவைப்பதை, கற்றுக்கொள்வதால்தான். பழுது பார்க்கிறவர் போர்டைக் காப்பாற்றியே ஆக வேண்டும். பாகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவார். நமக்கு அப்படியே தலைகீழ். போர்டு எக்கேடு கெட்டாலும் கவலை இல்லை, பாகம் முழுசாக வர வேண்டும். காப்பர் பட்டை பிய்ந்தால் பிய்யட்டும், போர்டு கருகினால் கருகட்டும். இதை மனதில் வாங்கிக்கொண்டால் கீழே சொல்லப்போகும் பாதி வழிகள் உங்களுக்கே தோன்றிவிடும்.

அதற்கு முன்னால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று. 230 வோல்ட்டில் ஓடும் ஸ்விட்ச்மோடு பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கியதும் போய்விடும் என்று நம்ப வேண்டாம். சொல்லப்போனால், பழுதாகிக் கிடக்கும் சப்ளைதான் அதிக ஆபத்து. நன்றாக ஓடும் சப்ளை தன் கெப்பாசிட்டரைத் தானே குடித்துக் காலி செய்துவிடும். ஸ்விட்சிங் நின்றுபோன சப்ளையில் சார்ஜ் போக வழி இல்லாமல் அப்படியே தங்கும். மீட்டரை டிசி 600 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட ரேஞ்சில் வைத்து அளந்து பாருங்கள். வோல்ட் இருந்தால், 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் கால்களில் இன்சுலேஷன் உள்ள ஒயர் பற்றவைத்து அதன் வழியாக வடித்துவிடுங்கள். 100 மைக்ரோஃபாராட் கெப்பாசிட்டர் என்றால் 5 விநாடியில் 325 வோல்ட் 3 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். ஆனாலும் 10 விநாடி பிடித்து, மறுபடி அளந்த பிறகே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டவே வேண்டாம். பொறி பறந்து கண்ணுக்கும் ஆபத்து, எடுக்க வந்த கெப்பாசிட்டருக்கும் கேடு.

மைக்ரோவேவ் அவனையும் பழைய குழாய் டிவியையும் தொடக்கத்தில் திறக்காதீர்கள். மைக்ரோவேவ் அவனின் கெப்பாசிட்டரில் இருப்பது 2000 வோல்ட்டைத் தாண்டியது. தவறித் தொட்டால் பிழைப்பது கஷ்டம். அதில் மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் மேக்னட்ரானில் இருக்கும் பீங்கானில் சில சமயம் பெரிலியம் ஆக்ஸைடு இருக்கும். அதை உடைத்துத் தூள் கிளப்பினால் நுரையீரலுக்கு நஞ்சு. கேமராவின் ஃப்ளாஷ் சர்க்யூட்டும் கையடக்கமாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது, அதிலும் 300 வோல்ட் உண்டு.

சரி, அறிகுறிகளுக்கு வருவோம்.

ஈயம் உருகவே மாட்டேன் என்கிறது

முதலில் சோல்டரிங் அயனின் முனையைப் பாருங்கள். கறுத்துப்போய் ஈயம் ஒட்டாமல் உருண்டு விழுந்தால் கோளாறு போர்டில் இல்லை. பித்தளைச் சுருளில் துடைத்து, ஃப்ளக்ஸில் (துருவை நீக்கும் பசை) தோய்த்து, புது ஈயம் பூசுங்கள். முனை வெள்ளி மாதிரி பளபளத்தால்தான் சூடு ஒழுங்காக இறங்கும். ஊசி முனையை எடுத்துவிட்டு, உளி மாதிரி தட்டையான முனை போடுங்கள். சூட்டைக் கூட்டுவதை விடத் தொடும் பரப்பைக் கூட்டுவதே அதிகப் பலன் தரும்.

முனை நன்றாக இருந்தும் உருகவில்லையா? அப்படியானால் அது பெரும்பாலும் காரீயம் கலக்காத சோல்டர் (பற்றவைக்கும் கலவையான சோல்டரையும் நாம் பொதுவாக ஈயம் என்றே சொல்கிறோம்). மின்சாதனங்களில் காரீயம் போன்ற நச்சுப் பொருட்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஹெச்எஸ் விதி 2006 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பிறகு, வீட்டுச் சாதனங்களில் பெரும்பாலும் இதுதான். பழைய 63/37 வெள்ளீயம்-ஈயக் கலவை 183 டிகிரியில் உருகும். வெள்ளீயம், வெள்ளி, தாமிரம் சேர்ந்த புதுக் கலவைக்கு 217 டிகிரி வேண்டும். இதற்கு மருந்து கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும்: ஈயத்தை எடுக்க வேண்டிய இடத்தில் இன்னும் ஈயம் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு காலிலும் 63/37 ஈயத்தைத் தாராளமாக உருக்கி விட்டு, பழையதோடு கலக்க விடுங்கள். கலவையின் உருகுநிலை இறங்கும், அதோடு உள்ளே இருக்கும் ஃப்ளக்ஸ் துருவையும் அரிக்கும். அப்புறம் சக்கரால் (உருகிய ஈயத்தை உறிஞ்சும் பம்பு) உறிஞ்சினால் ஒரே இழுப்பில் வரும். ஃப்ளக்ஸ் இல்லாமல் சக்கரோடும் விக்கோடும் (ஈயத்தை இழுத்துக்கொள்ளும் செப்புப் பின்னல்) மல்லுக்கட்டுவது வீண் வேலை.

அப்படியும் ஒரே ஒரு கால் மட்டும் அடம்பிடித்தால், அது கிரவுண்ட் காலாக இருக்கும். அகலமான காப்பர் பரப்போடு சேர்ந்திருப்பதால் நீங்கள் கொடுக்கும் சூட்டை எல்லாம் அந்தப் பரப்பு இழுத்துக்கொள்கிறது. பழுது பார்க்கிறவர் இங்கே போர்டையே முன்சூடு பண்ணிப் பொறுமையாக உட்கார வேண்டும். நமக்குச் சுருக்குவழி இருக்கிறது: கூரான கத்தியால் அந்தக் காலைச் சுற்றி வட்டமாகக் காப்பரைக் கீறித் தீவாக்கிவிடுங்கள். சூடு ஓட இடமில்லாமல் ஈயம் சட்டென்று உருகும். ஒரு பக்கம், இரு பக்கம் காப்பர் உள்ள போர்டில் இது அற்புதமாக வேலை செய்யும். கம்ப்யூட்டர் மதர்போர்டு மாதிரி பல அடுக்கு போர்டில் உள்ளடுக்குக் காப்பரைக் கத்தி எட்டாது. அங்கே அடியிலிருந்து 100 முதல் 150 டிகிரி வரை முன்சூடு கொடுப்பதைத் தவிர வழி இல்லை.

மேலே வார்னிஷ் பூச்சு இருந்தாலும் ஈயம் உருகாத மாதிரித்தான் தெரியும். சுரண்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

ஈயம் முழுக்கப் போய்விட்டது, பாகம் மட்டும் அசையவில்லை

பின்பக்கம் பாருங்கள், கால் மடிக்கப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் பாகம் விழாமல் இருக்க இப்படி மடிப்பார்கள். சூடாக இருக்கும்போதே அயன் முனையால் நெம்பி நிமிர்த்துங்கள், அல்லது மடிந்த நுனியை மட்டும் நறுக்கிவிடுங்கள். ஆறிய பிறகு இழுத்தால் கால் வேரோடு பிய்ந்துவிடும். ஃபிலிம் கெப்பாசிட்டர்களுக்கு இது பெரிய ஆபத்து, கால் உடலுக்குள்ளேயே அறுந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது.

இன்னொரு காரணம் பசை. டிரான்ஸ்ஃபார்மர், பெரிய கெப்பாசிட்டர், காயில் இவற்றின் அடியில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஊற்றியிருப்பார்கள். வெள்ளைச் சிலிக்கான் பசை கத்திக்கு இணங்கும். மஞ்சள் பசை பழுப்பாகி இறுகியிருந்தால் கூடுதலாகக் கவனியுங்கள். வருடக்கணக்கில் சூடு பட்ட இந்தப் பசை மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்துவிடும், பக்கத்துப் பாகங்களின் கால்களையும் அரித்துத் தின்னும். அப்படி ஒரு பாகத்தின் கால் பச்சை பூத்திருந்தால் எடுப்பதில் அர்த்தமில்லை. நன்றாக இருந்தாலும் ஒட்டியிருக்கும் பசையை முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும்.

கனெக்டர் உருகுகிறது, கெப்பாசிட்டர் ஊதுகிறது

சூடான காற்றை ஊதும் ஹாட் ஏரைப் பாகம் இருக்கும் பக்கத்திலிருந்தே அடித்தால் இப்படித்தான் ஆகும். கால்கள் ஓட்டை வழியாகப் போகும் பாகங்களுக்கு, போர்டைக் கவிழ்த்துப் பிடித்து, ஈயம் இருக்கும் பக்கத்தைச் சூடாக்குங்கள். போர்டே பாகத்துக்குக் கேடயமாக நிற்கும். ஈயம் பளபளவென்று ஈரமாகத் தெரிந்ததும் போர்டின் ஓரத்தை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் கனெக்டர் கீழே விழும். சொட்டுச் சொட்டாக உருகிய ஈயமும் கூடவே விழும் என்பதால் கண்ணாடி, முழுக்கால் சட்டை, மூடிய செருப்பு கட்டாயம். புகையைச் சுவாசிக்காதீர்கள், காற்றோட்டமான வெளியிடத்தில்தான் இந்த வேலை.

20, 30 கால் கொண்ட நீளமான கனெக்டருக்கு எனக்கு மிகவும் பிடித்த வழி வேறு. போர்டையே அறுத்துவிடுவது. கனெக்டரைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் விட்டு ரம்பத்தால் அறுத்தெடுத்தால் கையில் இருப்பது ஒரு சின்னத் துண்டு. சூட்டை விழுங்கும் பெரிய காப்பர் இல்லை, அயனே போதும். பழுப்பு நிற பேப்பர் போர்டு என்றால் இடுக்கியாலேயே மளுக்கென்று ஒடித்துக் காலைத் தனித்தனியாக விடுவிக்கலாம். பச்சை நிறக் கண்ணாடி இழை போர்டை அறுக்கும்போது மாஸ்க் போடுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கெப்பாசிட்டர் மீட்டரில் சரி, சர்க்யூட்டில் சரியில்லை

பாகம் சேர்க்கிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் மைக்ரோஃபாராட் மதிப்பை மட்டும் பார்த்து நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறோம். உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துபோகும்போது முதலில் கெடுவது ஈஎஸ்ஆர், அதாவது கெப்பாசிட்டரோடு தொடராக நிற்கும் உள்தடை. நல்ல 1000 மைக்ரோஃபாராட், 16 வோல்ட் கெப்பாசிட்டரில் இது ஒரு ஓம்மின் பத்தில் ஒரு பங்கை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். மீட்டர் 950 மைக்ரோஃபாராட் காட்டி, ஈஎஸ்ஆர் 2 ஓம் இருந்தால் அது பவர் சப்ளைக்கு லாயக்கில்லை. விலை பார்க்காமல் வாங்க வேண்டிய கருவி ஒன்று உண்டென்றால் அது ஈஎஸ்ஆர் அளக்கும் டெஸ்டர்தான். இந்தப் பொழுதுபோக்கில் மீட்டருக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

எழுதியிருப்பதை விட மிக அதிகமான மைக்ரோஃபாராட் காட்டுகிறதா? சந்தோஷப்பட வேண்டாம். 470 என்று எழுதியது 800 காட்டினால், உள்ளே மின்சாரம் லீக் ஆகிறது, அது மீட்டரைக் குழப்புகிறது.

வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்த சாதனத்திலிருந்து எடுத்தது என்றால் லீக் சற்று அதிகமாக இருப்பது சகஜம். உள்ளே அலுமினியத்தின் மேல் இருக்கும் ஆக்ஸைடு படலம் தேய்ந்திருக்கும். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக, கெப்பாசிட்டரின் உடலில் எழுதிய வோல்ட்டை நோக்கி மெல்ல மெல்ல ஏற்றுங்கள். ரெசிஸ்டரின் இரு முனைக்கும் நடுவே வோல்ட் அளந்தபடி இருங்கள். அங்கே 1 வோல்ட் என்றால் லீக் 0.1 மில்லிஆம்பியர். மணி நேரம் போகப்போக அது குறைந்துகொண்டே வந்தால் படலம் திரும்ப வளர்கிறது. ஒரே இடத்தில் நின்றுவிட்டால் குப்பைக்குத்தான். தலை உப்பியது, அடியில் ஈரம் கசிந்தது இவற்றை அளக்கவே வேண்டாம்.

இன்னொரு விஷயம், அதிகம் பேர் கவனிக்காதது. கழற்றிய சூடு ஆறுமுன் சின்ன பீங்கான் கெப்பாசிட்டரை அளந்தால் மதிப்பு கூடுதலாக வரும். எக்ஸ்7ஆர் என்ற பீங்கான் கெப்பாசிட்டர் வகையில் பயன்படும் பேரியம் டைட்டனேட் காலப்போக்கில் தன் மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். சுமார் 125 டிகிரியைத் தாண்டிச் சூடானால் இழந்ததை மீட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதனால் ஒரு நாள் விட்டு அளந்து எழுதி வையுங்கள்.

மாஸ்ஃபெட் ஷார்ட் காட்டுகிறது

தூக்கிப் போட அவசரப்படாதீர்கள். மாஸ்ஃபெட் என்பது கேட், டிரெய்ன், சோர்ஸ் என்று மூன்று கால் கொண்ட டிரான்சிஸ்டர் வகை. மீட்டரின் முனை கேட்டைத் தொட்டபோது அதில் சார்ஜ் ஏறி, மாஸ்ஃபெட் மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்திருக்கலாம். கேட்டையும் சோர்ஸையும் விரலாலோ ஒயராலோ ஒரு கணம் இணைத்துவிட்டு, மறுபடி டிரெய்னையும் சோர்ஸையும் டையோடு மோடில் அளந்து பாருங்கள். ஒரு திசையில் 0.4 முதல் 0.6 வரை, மறுதிசையில் ஒன்றும் இல்லை என்றால் அது நல்ல என்-சேனல் மாஸ்ஃபெட்டின் உள் டையோடுதான். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் எந்தத் திசையிலாவது ஓம் காட்டினால் பெரும்பாலும் செத்துவிட்டது.

சாதாரண டிரான்சிஸ்டரிலும் இப்படி ஒரு பொய்ச் சாவு உண்டு. குழாய் டிவியின் ஹரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் பலவற்றில் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 30 முதல் 50 ஓம் ரெசிஸ்டரும், கலெக்டர்-எமிட்டர் நடுவே டேம்பர் டையோடும் உள்ளேயே இருக்கும். மீட்டருக்கு அது எரிந்துபோனது போலத் தெரியும். தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டில் உள் படத்தைப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள்.

டிரான்சிஸ்டர் நல்லது, ஆனாலும் சர்க்யூட் ஓடவில்லை

கால் வரிசையைச் சந்தேகப்படுங்கள். ஒரே மாதிரி கறுப்பு உடல், மூன்று கால் என்பதால் எல்லாம் ஒன்று ஆகிவிடாது. தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, இடமிருந்து வலமாக 2என்3904-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547-இல் கலெக்டர், பேஸ், எமிட்டர். ஜப்பானிய 2எஸ்சி1815-இல் எமிட்டர், கலெக்டர், பேஸ். உடலில் வெறும் சி1815 என்றுதான் இருக்கும், முன்னால் வரும் 2எஸ் அச்சாகாது. ரெகுலேட்டரிலும் இதே கதை: 7805-இன் வரிசை உள்ளீடு, கிரவுண்ட், வெளியீடு, சின்ன 78எல்05-இல் தட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது தலைகீழ்.

போர்டில் ஒட்டும் மிகச் சின்ன வகைகளில் முழு எண்ணே இருக்காது, குறியீடு மட்டும்தான். 1ஏஎம் என்றால் எம்எம்பிடி3904, 1ஏ என்றால் பிசி846ஏ. ஓர் எழுத்து விட்டுப்போனால் வேறு பாகம். லென்ஸ் இல்லாமல் படிக்காதீர்கள். போர்டில் அது எங்கே இருந்தது, எந்த ஐசியோடு சேர்ந்திருந்தது என்பதுதான் பல சமயம் பெயரை விட நம்பகமான துப்பு. அதனால் கழற்றும் முன் இரு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்துவிடுங்கள்.

ரெசிஸ்டர் போர்டில் ஒன்று, வெளியே ஒன்று காட்டுகிறது

போர்டில் இருக்கும்போது மதிப்பு குறைவாகக் காட்டினால் பக்கத்துப் பாதைகள் சேர்ந்துகொண்டன, அவ்வளவுதான். போர்டில் இருக்கும்போதே எழுதியதை விட அதிகம் காட்டினால், கெப்பாசிட்டர்களில் சார்ஜ் எதுவும் மிச்சம் இல்லாத பட்சத்தில், அந்த ரெசிஸ்டர் கெட்டதுதான்.

பிரின்டர் மோட்டார் நடுங்குகிறது, சுற்றவில்லை

நான்கு ஒயர் ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகத் திரும்பும் மோட்டார்) என்றால் காயில் ஜோடி மாறியிருக்கிறது. எந்த இரண்டு ஒயருக்கு நடுவில் ஓம் காட்டுகிறதோ அவை ஒரு காயில். மீட்டர் பக்கத்தில் இல்லையா, இரண்டு ஒயரை முறுக்கி இணைத்துவிட்டுத் தண்டை விரலால் திருப்புங்கள். முன்பை விட முரண்டு பிடித்தால் அவை ஜோடி. ஆறு ஒயர் வகையில் முனைக்கும் முனைக்கும் நடுவில் இருக்கும் ஓம்மில் பாதி, முனைக்கும் நடு ஒயருக்கும் இடையில் வரும். ஜோடி சரியாக இருந்தும் நடுங்கினால் வேகத்தைக் குறைத்துத் தொடங்குங்கள். ஸ்டெப்பரால் நின்ற நிலையிலிருந்து ஒரேயடியாக முழு வேகத்துக்குப் போக முடியாது. மோட்டாரை ஓட்டும் டிரைவர் சர்க்யூட்டில் கரண்ட் அளவையும் பாருங்கள். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரை மட்டும் பிடுங்கவே பிடுங்காதீர்கள், காயிலிலிருந்து வரும் உதை டிரைவர் ஐசியை முடித்துவிடும்.

டிவிடி டிரைவில் தட்டைச் சுழற்றும் மோட்டாரை பேட்டரியில் இணைத்து ஓடவில்லை என்று கவலைப்பட வேண்டாம். அது மூன்று காயில் கொண்ட பிரஷ் இல்லாத மோட்டார், தனி டிரைவர் வேண்டும். அதே டிரைவில் இருக்கும் லேசரை மின்சாரம் கொடுத்துச் சோதிக்கவே சோதிக்காதீர்கள். சிடிக்கான 780 நானோமீட்டர் ஒளி அகச்சிவப்பு. கண் அதைப் பார்த்து இமைக்காது, விழித்திரை மட்டும் வெந்துபோகும்.

முதலில் ஓடியது, சூடானதும் நின்றது

பீங்கான் கெப்பாசிட்டரில் முடி அளவு விரிசல் இருக்கலாம். ஒரு முனையை மட்டும் அயனால் சூடாக்கி நெம்பினால் இது நடக்கும். இரண்டு முனையும் ஒன்றாக உருக வேண்டும், அதற்கு இரண்டு அயன் அல்லது ஹாட் ஏர். ஐசி என்றால் ஈரம் காரணமாக இருக்கலாம். பிளாஸ்டிக் உறை வருடக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும்; திடீரென்று சூடு பட்டதும் அந்த ஈரம் நீராவியாகி உள்ளிருந்து உறையை விரித்துவிடும். மதிப்புள்ள ஐசி இருக்கும் போர்டை, பேட்டரியும் பிளாஸ்டிக் பாகங்களும் நீக்கிய பின், கழற்றும் முன்பே 100 டிகிரிக்குச் சற்று மேலே சில மணி நேரம் வாட்டிக்கொள்வது நல்லது. சமையலுக்குப் பயன்படும் அவனில் இதைச் செய்யக் கூடாது.

சோதனையில் சரி, ஆனால் திரும்பப் போடக் கூடாதவை

மின் இணைப்பின் வாசலில் நிற்கும் நீல நிற வட்டமான வாரிஸ்டர், ஒவ்வொரு மின்னழுத்தத் தாக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. எவ்வளவு தேய்ந்தது என்று சாதாரண மீட்டர் சொல்லாது. மெயின்ஸின் இரு ஒயருக்கும் நடுவே நிற்கும் எக்ஸ்2 கெப்பாசிட்டர்கள் தாமே காயத்தை ஆற்றிக்கொள்ளும் வகை என்பதால் மதிப்பை இழந்துகொண்டே வரும். 470 நானோஃபாராட் என்று எழுதியது 300 காட்டினால் அதுதான் காரணம். மெயின்ஸ் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே நிற்கும் ஒய் வகை கெப்பாசிட்டர் தோற்றால் ஆளுக்கே ஷாக் அடிக்கும். இந்த மூன்றையும் மெயின்ஸ் பக்கத்தில் புதிதாகத்தான் போட வேண்டும், இதில் சிக்கனம் பார்ப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. ஒளி வழியாகச் சிக்னல் கடத்தும் ஆப்டோகப்ளரின் உள் எல்இடி வயதாக ஆக மங்கும். சுவிட்சாகப் பயன்படுத்தலாம், பவர் சப்ளை ஃபீட்பேக்குக்கு வேண்டாம்.

லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த 18650 லித்தியம் செல் 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்தால் சார்ஜ் ஏற்றிப் பார்க்கவே கூடாது. உள்ளே தாமிரம் கரைந்து படிந்து ஷார்ட் உண்டாகியிருக்கலாம், சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கும். துருவேறியது, நசுங்கியது, உறை கிழிந்தது, சார்ஜ் ஆகும்போது கைக்குச் சுடுவது எல்லாம் இதே கணக்கு. முனைகளில் டேப் ஒட்டி, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.